பழைய மாரிஸ் மைனருக்கு வேறோர் என்ஜினின் வாட்டர் பம்ப்

பழைய இங்கிலாந்துக் காரான என் மாரிஸ் மைனர் 1000 நிற்கும் இடத்தில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், தரையில் ஒரு நாணயத்தின் அளவுக்கு ஈரம் படிந்திருந்ததை ஒரு நாள் காலையில் கண்டேன். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தபோது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் இனிப்பு வாடை வந்தது. மூடியைத் திறந்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து ஒவ்வொரு ஹோஸ் இணைப்பாகத் தடவிக்கொண்டே கீழே வந்தேன். எல்லா இணைப்புகளும் உலர்ந்திருந்தன. கடைசியில் வாட்டர் பம்ப்பின் வயிற்றுப் பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு கசிவுத் துளையின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. அந்தத் துளையை அடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மிகப் பெரிய தவறு. பம்ப்பின் உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் பழுதடைந்தால், தண்ணீர் பேரிங்கிற்குள் புகாமல் வெளியே ஓடிவிட வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

ஃபேனின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது மெல்லிய ஆட்டம் தெரிந்தது. ரேடியேட்டரைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்துப் பிரித்ததில் சீல் மட்டுமல்லாமல் பேரிங்கும் போயிருந்தது. அவை இரண்டும் மாற்றக்கூடியவைதான். ஆனால் சீல் உட்காரும் வார்ப்பிரும்புக் குழியே துருவால் அரிக்கப்பட்டு, நகத்தால் கீறினால் உதிரும் நிலையில் இருந்தது. புதிய சீலை அங்கே அழுத்தினால் அது பிடிமானமின்றி நிற்கும். அதே வகைப் புதிய பம்ப் ஒன்றை வரவழைத்தேன். மின்சாரம் உண்டாக்கும் டைனமோவைத் தாங்கும், காது போன்ற நீட்டம் அதில் வெளிப்படையாகவே கோணலாக வார்க்கப்பட்டிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் உறவுமுறையுள்ள வேறோர் என்ஜினின் பம்ப்பை இதற்குப் பொருத்தலாமா என்ற எண்ணம் வந்தது.

உறவுமுறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாரிஸ் மைனர் 1948-இல் வந்தபோது அதில் இருந்தது 918 சி.சி. சைடு வால்வ் என்ஜின். 1952-இல்தான் ஏ-சீரிஸ் எனப்படும் 803 சி.சி. என்ஜின் இந்தக் காருக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்டின் ஏ30 காரில் அறிமுகமான அந்த என்ஜின், 1956-இல் 948 சி.சி. ஆகவும் 1962-இல் 1098 சி.சி. ஆகவும் மைனரில் வளர்ந்தது. 1959-இல் வந்த மினியில் அதே என்ஜின் 848 சி.சி. அளவில் குறுக்குவாட்டாகத் திருப்பி வைக்கப்பட்டது. பிறகு 1275 சி.சி. வரை பெரிதாகி, மினியின் உற்பத்தி 2000-இல் நிற்கும் வரை உயிரோடு இருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடிய ஒரு குடும்பத்தில் போல்ட் துளைகளின் இடம், இரு பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டின் வடிவம் போன்றவை தலைமுறை தாண்டியும் மாறாமல் வந்திருக்கின்றன. பழைய கார் வைத்திருப்பவருக்கு இது பெரும் ஆறுதல். அதே சமயம் இதில் ஓர் ஆபத்தும் உள்ளது. போல்ட் துளைகள் ஒத்துப்போய்விட்டால் மற்றவையும் ஒத்துப்போகும் என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது.

நான் தேர்ந்தெடுத்தது 1275 சி.சி. வகைக்காகச் செய்யப்பட்ட பம்ப். மேசையின் மேல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன. கேஸ்கெட்டை எடுத்து இரண்டின் முகத்திலும் வைத்தேன். நான்கு துளைகளும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. நுண்ணளவு எடுக்கும் வெர்னியரைக் கையில் எடுக்கும் வரை எனக்கு மகிழ்ச்சிதான். அதை எடுப்பதற்கு முன் ஒரு தாளில், இந்தப் பம்ப் என் காரில் என்னென்ன வேலை செய்கிறது என்று எழுதினேன். தண்ணீரைச் சுற்றவிடுகிறது, ஃபேனைத் தாங்குகிறது, பெல்ட்டின் பாதையில் ஒரு புல்லியைச் சரியான தளத்தில் நிறுத்துகிறது, டைனமோவின் முன்பக்க மேல் போல்ட்டுக்குத் தன் காதைக் கொடுக்கிறது, என்ஜின் சூடேறும் வரை தண்ணீர் சிலிண்டர் ஹெட்டுக்குள் தேங்காமல் இருக்கச் சிறிய பைபாஸ் ஹோஸுக்கு ஒரு வாய் வைத்திருக்கிறது. பம்ப் என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து வேலைகள். மாற்றுப் பாகம் இந்த ஐந்தையும் செய்தாக வேண்டும். நான்கைச் செய்தால் போதாது. எந்தப் பாகத்தையும் இன்னொன்றுக்குப் பதிலாக வைக்க நினைப்பவர் முதலில் எழுத வேண்டியது இந்தத் தாளைத்தான் என்பதே இந்தப் பழுதுபார்ப்பில் நான் உறுதியாகக் கற்றது. அளவெடுப்பது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் எதை அளக்க வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்கிறது.

பைபாஸ் விஷயத்தில் தயக்கமே இருக்கவில்லை. பிற்கால ஏ-சீரிஸ் பம்ப்புகள் சிலவற்றில் அந்த வாய் கிடையாது. தண்ணீர் சூடேறிய பின்னரே திறக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு மூடியிருக்கும்போது ரேடியேட்டருக்கான வழி அடைபட்டிருக்கும். பைபாஸும் இல்லையென்றால் பம்ப் தள்ளும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள தண்ணீர் அங்கேயே நின்று கொதிக்கத் தொடங்கும். தெர்மோஸ்டாட்டோ தன் பக்கம் வெந்நீர் வந்து சேராததால் திறக்கத் தாமதிக்கும். தெர்மோஸ்டாட்டின் தட்டில் இரண்டு மூன்று சிறு துளைகள் போட்டு இதைச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் காரின் சிலிண்டர் ஹெட்டில் பைபாஸுக்கான குழாய் நல்ல நிலையில் இருக்கும்போது அதை அடைத்துவிட்டு வேறு வழி தேடுவது எனக்கு ஒப்பவில்லை. எனவே வாய் உள்ள பம்ப்பையே வாங்கினேன். ஹெட்டைக் கழற்றாமல் அந்தக் குட்டி ஹோஸை மாற்ற முயன்றவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். பம்ப் வெளியே இருக்கும் நேரமே அதை மாற்றுவதற்கு உகந்த நேரம் என்பதால் அந்த வேலையையும் சேர்த்தே முடித்துக்கொண்டேன்.

வெர்னியர் சொன்ன முதல் செய்தி, பம்ப்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைப் பற்றியது. புதிய பம்ப்பின் இம்பெல்லர், கேஸ்கெட் முகத்திலிருந்து பழையதைவிட அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் அது என்ஜின் பிளாக்கிற்குள் இருக்கும் குழியின் பின்சுவரை நெருங்கும். எவ்வளவு நெருங்கும் என்பதை வெர்னியரால் நேரடியாக அறிய முடியாது. குழியின் பின்சுவர் வார்ப்பாக விடப்பட்ட, கடையப்படாத பரப்பு. அதில் மேடு பள்ளங்கள் உண்டு. இதற்குக் குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

குழியைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, பின்சுவரில் நான்கு இடங்களில் களிமண்ணைத் தட்டையாக அப்பினேன். இம்பெல்லரின் இதழ்களில் களிமண் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவினேன். முதலில் பழைய பம்ப்பை, கேஸ்கெட்டுடன் சேர்த்து, நான்கு போல்ட்டுகளையும் கைவிசையால் இறுக்கி, ஷாஃப்ட்டை ஒரே ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினேன். கழற்றிப் பார்த்தபோது இதழ்கள் களிமண்ணின் மேல் வழித்துச் சென்ற தடம் வளையம் வளையமாகத் தெரிந்தது. அந்தத் தடத்தில் மிக மெல்லிய இடத்தை பிளேடால் நறுக்கி, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அளந்தேன்: 1.2 மி.மீ. அதே முறையில் புதிய பம்ப்பை வைத்துச் சுற்றியபோது ஓரிடத்தில் களிமண் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. அங்கே 0.3 மி.மீ.தான் மிஞ்சியது. கையால் சுற்றும்போது அது எங்கும் உரசவில்லை. ஆனால் பேரிங்குக்கு நீளவாட்டில் சிறு அசைவு உண்டு. சூட்டில் உலோகம் விரியும். கேஸ்கெட் நாளடைவில் அமுங்கும். இவை மூன்றும் சேர்ந்தால் 0.3 மி.மீ. காணாமல் போய்விடும். ஓடும் என்ஜினில் இம்பெல்லர் பிளாக்கைச் சுரண்டத் தொடங்கினால், அந்தத் துகள்கள் போய்ச் சேரும் இடம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள்.

இடைவெளியை எப்படிக் கூட்டுவது என்று யோசித்தபோது நான்கு வழிகள் தென்பட்டன. கேஸ்கெட்டை இரண்டாகப் போடுவது முதல் வழி. அதனால் பம்ப் முழுவதும் முன்னே வரும், அதோடு புல்லியும் முன்னே வரும், அமுங்கக்கூடிய இரட்டைக் கேஸ்கெட் டைனமோவின் இழுவையையும் தாங்க வேண்டியிருக்கும். பிளாக்கின் பின்சுவரைச் சாணை பிடித்துக் குறைப்பது இரண்டாவது. பெரிய இம்பெல்லருக்காக இதைச் செய்தவர்கள் உண்டு. என்றாலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு வார்ப்பின் சுவரை, உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று அறியாமல் மெலிதாக்க எனக்குக் கை வரவில்லை. சாணையில் போன இரும்பைத் திரும்ப வைக்கவும் முடியாது. மூன்றாவது வழி, இம்பெல்லரை ஷாஃப்ட்டின் மேல் இன்னும் 0.8 மி.மீ. உள்ளே தள்ளிவிடுவது. கேட்பதற்கு இது மிக எளிது. நண்பர் ஒருவர் அதைத்தான் சொன்னார். ஆனால் இந்த வகைப் பம்ப்பில் சீலின் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இம்பெல்லர் ஷாஃப்ட்டில் நிற்கும் ஆழம்தான். உள்ளே தள்ளினால் சீலின் கார்பன் வளையம் தேவைக்கு மேல் அழுந்திச் சூடாகி விரைவில் தேயும். இம்பெல்லரின் முதுகும் பம்ப்பின் உடலை உரசும் அளவுக்கு வந்துவிடும். ஓர் இடைவெளியைச் சரிசெய்யப்போய் இன்னொன்றைக் கெடுத்ததாக ஆகும்.

எஞ்சியது நான்காவது வழி: இம்பெல்லரின் இதழ்களின் முகத்தை லேத்தில் 0.8 மி.மீ. கடைந்து குறைப்பது. இதழ்களின் உயரத்தில் அது சிறு பகுதிதான்; என் காரின் 948 சி.சி. என்ஜினுக்குத் தேவையானதைவிடப் பெரிய இம்பெல்லர் அது என்பதால் தண்ணீரின் ஓட்டம் குறையும் என்ற கவலையும் இல்லை. முக்கியமாக, மாற்றம் முழுவதும் புதிதாக வந்த பாகத்தில் நிகழ்கிறது. காரில் ஒரு கீறலும் விழவில்லை. நாளையே சரியான பம்ப் கிடைத்தால், போல்ட்டுகள் நான்கைக் கழற்றி அதை மாட்டிவிடலாம். இந்த ஒரு விதியை நான் எந்தப் பழைய காரிலும் விட்டுக்கொடுப்பதில்லை.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். லேத் வேலை செய்யும் பெரியவர் பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இம்பெல்லரைக் கழற்றிக் கொண்டு வா, அப்பத்தான் சுத்தமா இருக்கும்” என்றார். இம்பெல்லர் ஷாஃப்ட்டில் இறுகி உட்கார்ந்திருப்பதால், கழற்றும்போது சீல் சேதமாகலாம் என்று பயந்து, “அப்படியே பிடிச்சுக் கடைஞ்சிடலாம் ஐயா” என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர் மறுபடியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் விருப்பப்படியே செய்து கொடுத்தார். வேலை அழகாகத்தான் இருந்தது. இரும்புத்தூளைக் காற்றால் ஊதி, துடைத்து, மாட்டி ஓட்டினேன். ஒன்பதாம் நாள் அதே கசிவுத் துளையின் விளிம்பில் மீண்டும் துளி. பிரித்துப் பார்த்தபோது கார்பன் வளையத்தின் பளபளப்பான முகத்தில், மயிரிழை போன்ற வட்ட வட்டமான கீறல்கள். ஓரிடத்தில் கறுப்பில் புதைந்து மின்னிய ஓர் இரும்புத் துணுக்கு. வார்ப்பிரும்பைக் கடையும்போது சுருள் சுருளாக வராமல் மாவு போன்ற தூளாக உதிரும். அந்தத் தூள் இம்பெல்லரின் முதுகுப்பக்க இடுக்கு வழியாகச் சீலுக்குப் போயிருக்கிறது. ஊதிய காற்று அதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கவும் கூடும். பெரியவரின் சொல்லை முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே இரண்டாம் முறை முழுவதுமாகப் பிரித்தேன். இவ்வகைச் சீலைத் தேட என்ஜினின் பெயர் தேவையில்லை. ஷாஃப்ட்டின் விட்டம், சீல் உட்காரும் குழியின் விட்டம், அமுங்கிய நிலையில் அதன் நீளம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். இதே தன்மை பேரிங்குகளுக்கும் ஆயில் சீல்களுக்கும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பேரிங்கின் விளிம்பில் 6204 என்று இருந்தால் அது உலகில் எங்கே செய்யப்பட்டாலும் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ.தான், 6203 என்றால் 17, 40, 12. ஆயில் சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என மூன்று எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். காரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்று வரும் பதில், அளவைச் சொல்லிக் கேட்டால் பல நேரங்களில் மாறிவிடும். பழைய இங்கிலாந்துக் கார்களில் அங்குல அளவுப் பேரிங்குகளும் கலந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும், 15.875 மி.மீ. என்று அளவு வந்தால் அது தேய்ந்துபோன 16 அல்ல, 5/8 அங்குலம்.

இம்பெல்லரையும் கழற்றியாகிவிட்டதால் இரண்டாவது பெரிய வேறுபாட்டையும் அதோடு தீர்த்துக்கொள்ள முடிந்தது. புல்லி உட்காரும் ஃபிளாஞ்ச், புதிய பம்ப்பில் 3.2 மி.மீ. முன்னால் நின்றது. முதல் முறை மாட்டியபோது டைனமோவை வாஷர் வைத்து முன்னே நகர்த்திப் புல்லிகளை ஒரு மாதிரி சமாளித்திருந்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை, ஏனென்றால் கிராங்க் புல்லியை நகர்த்த வழியில்லை. வி வடிவப் பெல்ட்டுக்குப் புல்லிகளின் விலகல், ஓர் அடி தூரத்துக்கு ஏறக்குறைய 2.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. என் காரில் கிராங்க் புல்லிக்கும் பம்ப் புல்லிக்கும் இடையே அந்த ஓர் அடி தூரம்கூட இல்லை. அந்த ஒன்பது நாள்களுக்குள்ளேயே பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் மெருகேறி, புல்லியின் பள்ளத்தில் கறுப்பு மாவு படியத் தொடங்கியிருந்தது.

ஃபிளாஞ்சும் ஷாஃப்ட்டில் அழுத்தி ஏற்றப்பட்டதுதான். பெரியவர் அதை 3.2 மி.மீ. உள்ளே தள்ளித் தந்தார். அந்த வேலையை அவர் செய்த விதத்தை எழுதாமல் இருக்க முடியாது. பம்ப்பின் உடலைத் தாங்கிக்கொண்டு ஃபிளாஞ்சை அழுத்தினால், அந்த விசை முழுவதும் பேரிங்கின் குண்டுகள் வழியாகவே போகும்; வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஓடுபாதையில் குழிகள் விழுந்துவிடும். எனவே ஷாஃப்ட்டின் மறுமுனைக்கு அடியில் ஓர் எஃகுத் துண்டை நிறுத்தி, உடல் அந்தரத்தில் தளர்வாக இருக்கும்படி பிரஸ்ஸில் வைத்தார். ஒவ்வொரு முறை நெம்புகோலை இழுத்த பிறகும் ஆழத்தை அளந்தார். கடைசிப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம், முதல் மூன்று மில்லிமீட்டருக்கு எடுத்துக்கொண்டதைவிட அதிகம். பிறகு புதிய சீலை ஏற்றி, கடைந்து கழுவிய இம்பெல்லரை, நான் பிரிப்பதற்கு முன் குறித்து வைத்திருந்த அதே ஆழத்துக்கு அழுத்தினார். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இம்பெல்லரின் முதுகுக்கும் உடலுக்கும் இடையே மூன்று இடங்களில் விட்டுப் பார்த்து, மூன்றிலும் ஒரே அளவு என்பதை என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

களிமண் சோதனையை மறுபடியும் செய்தேன். மெல்லிய இடத்தில் 1.1 மி.மீ. இருந்தது. நேர்க்கோலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து மேலே நீட்டியபோது பம்ப் புல்லியின் விளிம்பை இரு இடங்களிலும் ஒரே மாதிரி தொட்டது. டைனமோ மட்டும் மிஞ்சியது. புதிய பம்ப்பின் காது பழையதைவிட 2 மி.மீ. தடிமனாக இருந்ததால், முன்பக்கப் போல்ட்டை மட்டும் இறுக்கினால் டைனமோ பின்னே தள்ளப்பட்டது. பின்பக்கத் தாங்கியோடு இழுபட்டு அதன் உடலும் சற்றுக் கோணியது. லூகாஸ் டைனமோவின் முன்மூடி அலுமினிய வார்ப்பு. அதன் காதுகள் இப்படிப்பட்ட இழுவையில்தான் வெடிக்கின்றன. பம்ப்பின் காதில் 2 மி.மீ. சீவி எடுத்த பின்னரே அது எந்த வற்புறுத்தலும் இல்லாமல் தன் இடத்தில் போய் நின்றது. இரண்டு போல்ட்டுகளும் விரலாலேயே கடைசி வரை ஏறினால்தான் பொருத்தம் சரி என்று கொள்கிறேன். ஸ்பானரால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தால் ஏதோ ஓரிடத்தில் அளவு தப்பியிருக்கிறது.

மரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தக் குடும்பத்து என்ஜின்களில் அங்குல மரைகள்தான். ஆனால் பழுதுபார்த்த பல கைகளில் ஏதோ ஒன்று மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்திருக்கக்கூடும். 5/16 அங்குல விட்டம் என்பது 7.94 மி.மீ.; 8 மி.மீ. போல்ட்டோடு கண்ணால் வேறுபாடு தெரியாது. அங்குலத்துக்கு 18 மரை உள்ள 5/16 போல்ட்டின் மரை இடைவெளி 1.41 மி.மீ.; சாதாரண 8 மி.மீ. போல்ட்டினுடையது 1.25. ஒன்றை மற்றொன்றின் துளையில் விட்டால் இரண்டு சுற்று நன்றாகவே போகும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைத் துரு என்று எண்ணி ஸ்பானரை நீட்டுபவர் வார்ப்பிரும்பில் மரையை உருவி எடுத்துவிடுவார். மரை அளவியை ஒவ்வொரு போல்ட்டிலும் வைத்துப் பார்த்தேன். ஒன்று தவறானதாக இருந்தது, மாற்றினேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இதே முறையில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிப் பொருத்தலாமே என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அங்கே உருவ ஒற்றுமை இன்னும் அதிகமாக ஏமாற்றும். 3/4 அங்குல உள்விட்டம் உள்ள சிலிண்டருக்குப் பதிலாக 7/8 அங்குலம் உள்ளதை வைத்தால், வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான்; ஆனால் பிஸ்டனின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடுவதால், காலால் அதே விசையில் மிதித்தாலும் குழாயில் உண்டாகும் அழுத்தம் ஏறக்குறைய 27 சதவீதம் குறைந்துவிடும். பிரேக் சிலிண்டரையும் கிளட்ச் சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் செய்து, உள்ளே இருக்கும் வால்வை மட்டும் மாற்றிய காலமும் உண்டு. பம்ப் பழுதானால் கார் சாலையோரம் நிற்கும். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் விளைவு அத்தோடு நிற்பதில்லை. அந்த இரண்டிலும், சரியான பாகம் வரும் வரை காரை நிறுத்தி வைப்பதே என் வழக்கம். அது எத்தனை மாதம் ஆனாலும் சரி.

பம்ப்பை மாட்டிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடி என்ஜினை ஓடவிட்டேன். ஹீட்டரின் வால்வைத் திறந்து வைத்ததால் அங்கே சிக்கியிருந்த காற்றும் குமிழி குமிழியாக வெளியேறியது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மேல் ஹோஸ் திடீரென்று கையால் தொட முடியாத சூட்டுக்கு வந்தது. அடுத்த சில நிமிடங்களில் கீழ் ஹோஸும் இளஞ்சூடானது. தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி இல்லை. மூடியை மாற்றும்போது மட்டும் ஒரு சபலத்தைத் தவிர்த்தேன். பிற்கால என்ஜின்களின், சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தத்தில் திறக்கும் மூடி என் ரேடியேட்டர் வாயிலும் கச்சிதமாக உட்காரும். கொதிநிலை கூடும் என்பதால் அதைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. ஆனால் 7 பவுண்டுக்காகச் செய்யப்பட்டு முதுமை அடைந்த ரேடியேட்டரின் ஈயப் பற்றுகள் அந்த அழுத்தத்துக்குப் பொறுப்பேற்காது. பழைய 7 பவுண்டு மூடியே இருக்கிறது.

முதல் வாரம் ஒவ்வொரு நாளும் கசிவுத் துளையின் அடியில் மெல்லிய வெள்ளைத் தாளை ஒற்றிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள்கள் மட்டும் மிக இலேசான ஈரம் இருந்தது. புதிய கார்பன் முகம் தன் இருக்கையில் படிந்து தேயும் வரை அப்படி இருப்பது இயல்பு. மூன்றாம் நாளிலிருந்து தாள் உலர்ந்தே வந்தது. 500 கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்தேன். கேஸ்கெட் அமுங்கியதால் இரண்டு போல்ட்டுகள் கால் சுற்று ஏறின. இப்போது 3,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பெல்ட் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் தேய்கிறது. புல்லியின் பள்ளத்தில் கறுப்பு மாவு இல்லை.

இம்பெல்லரில் 0.8, காதில் 2, ஃபிளாஞ்சில் 3.2 என்று மூன்று அளவுகளையும், சீலின் மூன்று அளவுகளையும், எந்த என்ஜினின் பம்ப் இது என்பதையும் ஒரு படமாக வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, காரின் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் இந்தக் காரைத் திறப்பவர், கையேட்டில் இருக்கும் பம்ப்பும் காரில் இருக்கும் பம்ப்பும் வேறு என்று கண்டு திகைக்கக் கூடாது. பழைய பம்ப்பின் உடல் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. அதன் அரிபட்ட குழியைப் பெரிதாக்கிக் கடைந்து, உள்ளே ஒரு பித்தளை வளையத்தை இறக்கி, மீண்டும் பழைய விட்டத்துக்குக் கொண்டுவர முடியும் என்கிறார் பெரியவர். சுவரில் அதற்குத் தேவையான தடிமன் மிஞ்சியிருக்கிறதா என்று அடுத்த வாரம் அளந்து பார்க்கப் போகிறோம்.